பூநாரைக்குக் கணக்கு உண்டு, பறி கவ்வும் அக்காவுக்கு?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், உப்பங்கழியைக் கடக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சாலையோரம் வரிசையாகக் கார்கள் நிற்கும். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராக்கள், தொலைநோக்கிகள், குறிப்பேடுகள். பூநாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை, உள்ளான் எத்தனை என்று எண்ணி அங்கேயே கைப்பேசியில் பதிவேற்றிவிடுவார்கள். அந்தப் பதிவுகளை உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கலாம். நல்ல வேலைதான். எங்களில் இரண்டு பேர் அப்படி எண்ணப் போனவர்கள்தான்.

அதே கேமரா சட்டத்துக்குள், பறவைகளுக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி சில பெண்கள் நகர்ந்துகொண்டிருப்பார்கள். இருளர் பெண்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். ஒருமுறை படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் சொன்னார்: "அவங்க கொஞ்சம் தள்ளிப் போனா பிரேம் நல்லா வரும்." அவர் கெட்டவர் இல்லை. காலைச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

காலநிலை மாற்றம் பற்றி இன்று பேசாதவர்கள் இல்லை. தமிழ்நாடு அரசு 2022இல் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. சென்னை மாநகராட்சி 2023இல் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. கல்லூரிகளில் கருத்தரங்கு நடக்கிறது, சான்றிதழும் தருகிறார்கள். இந்த மேடைகளில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று பொருளாதாரக் குரல்: இயற்கைக்கு ஒரு விலை போடுங்கள், அப்போதுதான் காப்பாற்றுவார்கள். மற்றொன்று அறவியல் குரல்: இயற்கைக்கு விலையே கிடையாது, அதற்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதாகத் தோன்றும். சேரியிலிருந்து பார்த்தால் இரண்டுமே அந்தக் கேமராச் சட்டத்தைத்தான் வைத்திருக்கின்றன. பறி கவ்விய பெண் முதலாவதில் கணக்குக்குள் வருவதில்லை, இரண்டாவதில் அழகைக் கெடுக்கிறாள்.

முதலில் விலைக் கணக்கைப் பார்ப்போம். பொருளாதாரம் படிக்கும் தம்பி தங்கைகள் கவனியுங்கள், இது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

2006இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கலஸ் ஸ்டெர்ன் காலநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. விவாதத்தின் மையத்தில் இருந்தது தள்ளுபடி விகிதம் என்ற சங்கதி. ஐம்பது ஆண்டு கழித்து வரும் நூறு ரூபாய் நட்டத்தை இன்று எத்தனை ரூபாயாக எடுத்துக்கொள்வது? ஆண்டுக்கு 1.4 விழுக்காடு என்று வைத்தால் அது இன்றைக்கு ஏறக்குறைய ஐம்பது ரூபாய். 5 விழுக்காடு என்று வைத்தால் ஒன்பது ரூபாய்கூட இல்லை. ஸ்டெர்ன் எடுத்துக்கொண்டது முதல் விகிதத்தை. வில்லியம் நார்தாஸ் போன்றவர்கள் சந்தையில் நிலவும் வட்டியை ஒட்டி விகிதம் இருக்க வேண்டும் என்று மறுத்தார்கள். ஆக, பிறக்கப்போகும் பிள்ளையின் வெள்ளம் ஐம்பது ரூபாயா ஒன்பது ரூபாயா என்பதை இயற்பியல் தீர்மானிக்கவில்லை, யாருடைய துன்பத்தை எவ்வளவு மதிப்பது என்ற அறத் தீர்ப்புதான் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்ப்பைக் கணக்கு என்ற போர்வைக்குள் ஒளித்துவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டில் வருங்காலத்துக்குப் போக வேண்டியதே இல்லை. இன்று வாழ்பவர்களையே தள்ளுபடி செய்யும் விகிதம் ஒன்று ஈராயிரம் ஆண்டாக நடப்பில் இருக்கிறது. அதற்குப் பெயர் சாதி.

1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் கையொப்பமிட்ட ஓர் உள்குறிப்பு வெளியே கசிந்தது. நச்சுக் கழிவைக் கூலி குறைந்த நாடுகளில் கொட்டுவதன் பொருளாதாரத் தர்க்கம் குற்றம் சொல்ல முடியாதது என்பது அதன் சாரம். நோயாலும் சாவாலும் இழக்கும் வருமானம் அங்கே குறைவு அல்லவா! பிறகு அது கிண்டலாக எழுதியது என்றார்கள். கிண்டலோ இல்லையோ, தர்க்கம் அதுதான். அதே தர்க்கத்தின்படி ஒரு மனித உயிரின் விலையை நாட்டு வருமானத்தை வைத்துப் போட்டு, பணக்கார நாட்டு உயிர் ஏழை நாட்டு உயிரைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது என்ற கணக்கு 1990களின் நடுவில் ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை வரைக்கும் வந்தது. இந்தியாவிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. எழுந்தது சரியே. ஆனால் "எங்கள் உயிருக்கு ஏன் விலை குறைவு" என்று ஜெனீவாவைப் பார்த்துக் கேட்ட இந்தியா, அதே கேள்வியைப் பழைய மகாபலிபுரம் சாலையைப் பார்த்துக் கேட்டதா?

கேட்டுப் பார்ப்போம். இந்தச் சாலையோர அடுக்குமாடிகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. கட்டடத்துக்குள்ளேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி, இல்லாவிட்டால் டேங்கர் லாரி. தொட்டி அடைத்துக்கொண்டால் இறங்குவது யார் என்று உங்களுக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் ரூ.10 லட்சம் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. வரவேற்கத்தக்க தீர்ப்புகள். ஆனால் எந்திரத்தின் விலை ஒரு பக்கம், நட்ட ஈட்டுத் தொகை மறு பக்கம், அது தண்டிக்கப்படாமலேயே போய்விடும் வாய்ப்பு மூன்றாவது பக்கம் என்று வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் போடும் கணக்கும் ஒரு பொருளாதாரக் கணக்குத்தானே? சம்மர்ஸ் குறிப்பைப் படித்திராதவரும் அதைப் பிசகாமல் போடுகிறார்.

இப்போது தண்ணீரின் பாதையில் கொஞ்சம் வடக்கே போவோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, தெற்கே ஓடி, நம் கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் தலமானது. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம். அந்தச் சதுப்பையும் அதன் வடிகால்களையும் சுற்றித்தான் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள், குப்பை மேடு, பெரிய மருத்துவமனைகள், கல்லூரிகள் எல்லாம் எழுந்தன. அங்கேயேதான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளும் எழுந்தன.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடையாறு, கூவம் கரையோரக் குடிசைகள்தான் வெள்ளத்துக்குக் காரணம் என்பதுபோல் பேசப்பட்டது. ஆற்றைச் சூழலியல் முறையில் மீட்டெடுக்கிறோம் என்றார்கள். கரையில் தலைமுறைகளாக இருந்தவர்களை, பெரும்பாலும் தலித் மக்களை, பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடு ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு சதுப்பு நிலத்தின் வடிகால் பரப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மூழ்கின. அதற்குப் பிறகு நகரத்தைச் சுத்தம் செய்ய வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை லாரிகளில் கொண்டுவந்தார்கள். அந்த லாரிகளில் வந்தவர்களின் சாதியைக் கேட்டுப் பாருங்கள்.

சதுப்பை ஆக்கிரமித்த கண்ணாடிக் கட்டடம் "முதலீடு". ஆற்றங்கரைக் குடிசை "ஆட்சேபணைக்குரிய ஆக்கிரமிப்பு". இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நமது சூழலியல் அறம் இருக்கிறது.

இனி கேளம்பாக்கத்துக்கே திரும்புவோம், இங்கேதான் நெருக்கடி இப்போது வந்து நிற்கிறது.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு செய்தது. சென்னையின் குடிநீர்த் தேவைக்காகக் கோவளம் - திருப்போரூர் பகுதியில், பழைய மகாபலிபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஏறக்குறைய ரூ.350 கோடியில் 1.6 டி.எம்.சி. கொள்ளளவுள்ள புதிய நீர்த்தேக்கம். மழைக்காலத்தில் வீணாகக் கடலுக்குப் போகும் நீரைத் தேக்குவது நோக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் குடிநீருக்கு எதிரானவர்கள் அல்லர். 1927இல் மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கியதிலிருந்து தண்ணீருக்காகப் போராடியவர்களின் வரிசையில் நிற்பவர்கள் நாங்கள். 2022இல் வேங்கைவயலில் தண்ணீர்த் தொட்டிக்குள் என்ன கலந்தார்கள் என்பதை மறக்காதவர்கள். ஒரு குடம் தண்ணீரின் அருமையை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் "வீணாகப் போகும் நீர்" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பாருங்கள். உப்பங்கழி என்றால் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் ஏறி இறங்கிக் கலக்கும் இடம். அந்தக் கலப்பில்தான் இறால் குஞ்சு வளரும், நண்டு வளரும், மடவை வரும். மழைநீர் வந்து உப்பின் அளவை இறக்குவதும், கடல் ஏறி அதை உயர்த்துவதும் சேர்ந்ததுதான் அந்த அக்காவின் பறிக்குள் விழும் இறால். ஓர் ஓரத்தில் அணை கட்டி நன்னீராக்கினால் அந்தக் கலப்பு என்னாகும்? மீனவ அமைப்புகள் இதைத்தான் கேட்கின்றன. பொறியாளரின் கணக்கில் வீண் என்று எழுதப்பட்டது இருளர் பெண்ணின் கணக்கில் வரவு.

அந்த வரவு ஏன் திட்ட அறிக்கையில் ஏறுவதில்லை? அதற்குப் பட்டா இல்லை. நிலம் எடுத்தால் யாருக்கு நட்ட ஈடு? நிலம் வைத்திருப்பவருக்கு. 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் நிலத்தை நம்பி வாழும் கூலித் தொழிலாளரையும், காட்டையும் நீர்நிலையையும் நம்பிப் பிழைப்பவரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகச் சேர்க்கச் சொல்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் நிலமே அரசுடையது, எடுக்க வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டால் அந்தச் சட்டத்தின் கதவு திறப்பதே இல்லை. உப்பங்கழி புறம்போக்கு. அதன் மேல் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று சொல்லி, கடைசியில் யாருக்குமில்லை என்று முடித்துவிடுவார்கள்.

உப்பளத்திலும் இதே கதைதான். கேளம்பாக்கத்து உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாரியவர்கள் யார்? கணுக்கால் வெடித்து, கண் கூசி, அறுபது வயதுக்கு முன்பே பார்வை மங்கிப்போன கிழவிகளைச் சேரியில் கேட்டால் சொல்வார்கள். பருவம் தவறி ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும். அது முதலாளிக்கு நட்டம், கணக்கில் வரும். வாருவதற்கு உப்பு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்த பெண்ணின் பதினைந்து நாள் எந்தக் கணக்கிலும் வராது. மாநிலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 தரும் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் மழை இப்போது மழைக்காலத்தில் மட்டுமா பெய்கிறது?

இன்னும் கொஞ்சம் தெற்கே நெம்மேலி. 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2024இல் அதன் அருகே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டருக்குப் பெரிய ஆலை. காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைப்பது என்று இதைச் சொல்வார்கள். தண்ணீர் தென்சென்னைக்குப் போகிறது. கடல் அரித்து வலை காயவைக்கும் மணல் போய்விட்டது என்று ஆலையை ஒட்டிய மீனவக் குப்பத்தார் பல ஆண்டுகளாகப் புகார் சொல்கிறார்கள். தகவமைவது ஓர் ஊர், அதற்கு இடம் கொடுப்பது இன்னோர் ஊர்.

இதெல்லாம் புதிதா? இல்லை. இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் நிலவரலாற்றைத் தெரியாமல் இங்கே காலநிலை நீதி பேசவே முடியாது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, வாய் திறந்தால் வெளியேற்றலாம், தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதார் தனக்கே முன்னுரிமை என்று தடுக்கலாம். அந்த அறிக்கையின் விளைவாக 1892இல் ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. மாநிலம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் அளவு. அவற்றில் எவ்வளவு இன்று நம் கையில்? மதுராந்தகத்துப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் எழுப்பிய குரலும், 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோரின் இரத்தமும் இந்த மண்ணின் சூழலியல் வரலாறுதான். பாடத்திட்டத்தில் அப்படி எழுதவில்லை என்பதற்காக அது மாறிவிடாது.

ஏன் சூழலியல் என்கிறோம்? ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும். ஏரி உடைந்தால் முதலில் தண்ணீர் புகுவது பள்ளத்தில். இது இயற்கையின் ஏற்பாடு அல்ல. இந்த ஏரி மாவட்டத்தில் ஏரியைப் பார்த்துக்கொண்டது நம் ஆட்கள். மதகு திறந்தது, கரை காத்தது, தண்ணீர் பாய்ச்சியது நீர்க்கட்டிகள், தோட்டிகள். எந்த மழைக்கு எந்தக் கலங்கல் வழியும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது, பாசன உரிமை மட்டும் இல்லை. "பாரம்பரிய நீர் மேலாண்மை" என்று இன்று புகழ்ந்து புத்தகம் எழுதுகிறவர்கள் அந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். முகுல் சர்மா 2017இல் சாதியும் இயற்கையும் பற்றி எழுதிய நூலில் இந்திய சூழலியலின் இந்தக் கண்மறைவைத்தான் விரிவாகப் பேசுகிறார். நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதே கேள்வியை 1982இல் எழுப்பினார்கள். வட கரோலினாவின் வாரன் வட்டத்தில் நச்சு மண்ணைக் கொட்ட வந்த லாரிகளின் முன்னால் சாலையில் படுத்தார்கள். 1987இல் வந்த ஒரு தேவாலய ஆய்வு, நச்சுக் கழிவுக் கிடங்கு எங்கே அமையும் என்பதை வருமானத்தைவிட நிறமே அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டியது. யாரோ அவர்களுக்குப் புள்ளிவிவரம் தயாரித்துக் கொடுக்கவில்லை, அவர்களே எண்ணினார்கள். அதை இங்கே நாம் இன்னும் செய்யவில்லை. இதில் நம் இயக்கங்களின் மீதும் எங்களுக்கு விமர்சனம் உண்டு. சுற்றுச்சூழல் என்றால் மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்தோம். அந்த இடைவெளியில் அவர்கள் வந்து நின்று நமக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு உண்டு, அது அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளிலிருந்து வருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. அது வந்தது கானமயில் என்ற பறவையைக் காப்பாற்றத் தொடுத்த வழக்கில். பறவைக்காகப் போனவர்கள் நமக்கு ஓர் உரிமையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொள்வோம். 14ஆம் பிரிவு என்றால் சமத்துவம். காலநிலை வழக்கில் சமத்துவப் பிரிவு நுழைந்துவிட்டது என்றால், வெள்ளம் எந்தத் தெருவுக்குள் முதலில் வருகிறது என்று கேட்கும் வாசலும் திறந்திருக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை நீர்த்தேக்கம் வேண்டாம் என்பதோ, பறவை வேண்டாம் என்பதோ அல்ல. உப்பங்கழியில் கை வைப்பதற்கு முன்னால் அதில் பிழைக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெயரோடு பதிவு செய்யுங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ இறால், எத்தனை கூடை உப்பு என்று எழுதுங்கள். அந்தப் பதிவேட்டைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். சேரியிலும் இருளர் குடியிருப்பிலும் உட்கார்ந்து படியுங்கள், ஊர்க் கோயில் மண்டபத்தில் அல்ல. குடிநீர் எடுத்தால் முதல் குழாய் எந்தத் தெருவுக்கு என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். இந்தச் சாலையின் இருபுறமும் உள்ள கிராமங்களில் பஞ்சமி நிலம் எது, யார் கையில் என்ற பட்டியலை வெளியிடுங்கள். வெள்ளத்தில் மூழ்காத மேட்டு நிலம் எங்கே இருக்கிறது என்று அரசு தேடிக்கொண்டிருக்கிறதாம். மீட்க வேண்டிய பஞ்சமி நிலத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டு நகலையும் அடங்கலையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். எந்தப் புல எண்ணில் நிபந்தனை ஒப்படை என்று இருக்கிறது, பிந்தைய பதிவில் அது எங்கே காணாமல் போனது என்று ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே உங்கள் ஊர் வெள்ள வரைபடத்தை வரையுங்கள். 2015இல் எந்த வீட்டில் எந்தப் படி வரை தண்ணீர், 2023இல் எது வரை என்று பாட்டிகளைக் கேளுங்கள், சுவரில் கோடு காட்டுவார்கள்.

வருகிற ஞாயிறு காலை நாங்கள் அந்தச் சாலையில் இருப்போம். பறவை எண்ணுகிறவர்களிடமே பேசியிருக்கிறோம், அவர்களில் சிலர் தங்கள் குறிப்பேட்டில் இன்னொரு பத்தி சேர்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்கினார்கள், பறி எவ்வளவு நிறைந்தது. முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும், படம் எடுக்கக் கூடாது. ஏற்றவற்றம் பார்த்துத்தான் அவர்கள் இறங்குவார்கள், ஆகவே ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். கால் சேற்றில் புதையும், செருப்பைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.